இரண்டாவது மதிப்பெண்

(குளத்தூரில் நடந்த குடும்ப சங்கமத்தில் ஆற்றிய உரை)

மேற்படிப்புக்குத் தயாராகும் குழந்தைகள் நிறைய பேர் வந்திருப்பதால், என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

2017-ல் என் பேரன் பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டே, எம்.பி.ஏ. படிக்க ஜீமேட் பரீட்சை எழுதினான். ஐ.ஐ.எம்.களுக்கான கேட் பரீட்சை வருஷத்துக்கு ஒரு தடவைதான். வந்ததை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். ஜீமேட்டில் தீர்மானம் மாணவன் கையில். அன்றைய விதிப்படி, பரீட்சை முடிந்ததும் திரையில் மதிப்பெண் வரும். வைத்துக்கொள்வதா, ரத்து செய்வதா என்று 2 நிமிஷத்துக்குள் சொல்ல வேண்டும். பிறகு மனது மாறினால், 72 மணி நேரத்துக்குள் 25 டாலர் கட்டி ரத்து செய்யலாம். ரத்தானது கல்லூரிகளுக்குத் தெரியாது.

முதல் தடவை அவனுக்கு 800-க்கு 690 கிடைத்தது. அவனுக்குத் திருப்தி, எனக்கு இல்லை. 700 என்று நாலு பேரிடம் சொல்ல ஆசை. "இன்னொரு தடவை எழுதுடா" என்று நச்சரித்தேன். எழுதினான். 660 வந்தது!

அன்று ராத்திரி போன் செய்தான். "தாத்தா, 30 குறைஞ்சு போச்சு. ஆனா வச்சுண்டுட்டேன்."

"உடனே கேன்சல் பண்ணு" என்றேன்.

"எதுக்கு தாத்தா? கணக்குல 47 இருந்தது 49 ஆயிருக்கு. இங்கிலீஷ்லதான் குறைஞ்சிருக்கு. பி.காம். படிச்சவனுக்குக் கணக்கு வருமான்னு கேக்கறவாளுக்கு அது பதில்தானே?"

எனக்குத் தூக்கம் வரவில்லை. பி.எஸ்ஸி. பௌதிகப் பரிசோதனைச் சாலை ஞாபகத்துக்கு வந்தது. ஊசலின் நேரத்தைப் பல தடவை அளப்போம். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறும். பிடிக்காத அளவை அடிக்க ஆசிரியர் விடமாட்டார். அளவையில் பிழை எவ்வளவு என்று எழுதச் சொல்வார். ஜீமேட் மொத்த மதிப்பெண்ணிலும் சுமார் 30 புள்ளி அளவுக்கு அளவைப் பிழை உண்டு. 690-ம் 660-ம் ஒரே பையனை இரண்டு நாள் அளந்தது என்றே சொல்லலாம். ரத்து செய்யச் சொன்னது அவன் நன்மைக்காக அல்ல, என் வெட்கத்தை மறைக்க என்று அப்போதுதான் புரிந்தது.

விடிந்ததும் போன் செய்து, "நீ சொன்னதுதான் சரி, வச்சுக்கோ" என்றேன். இரண்டு மதிப்பெண்ணும் போயின. பெரும்பாலான கல்லூரிகள் அதிகமானதையே கணக்கில் எடுத்துக்கொள்ளும். அவனுக்கும் இடம் கிடைத்தது.

ரத்து செய்வதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஜுரத்தோடு எழுதி 100 புள்ளி குறைந்தால், தாராளமாக ரத்து செய்யலாம், விதியே அனுமதித்தது. எதுவரை குறைந்தால் வைத்துக்கொள்வது என்பதைப் பரீட்சைக்குப் போவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். திரையைப் பார்த்தபின் புத்தி வேலை செய்யாது.

2023 நவம்பரில் புதிய ஜீமேட் வந்தது. மதிப்பெண் 205 முதல் 805 வரை. மதிப்பெண்ணைப் பார்த்தபின், எதை எந்தக் கல்லூரிக்கு அனுப்புவது என்று மாணவனே தீர்மானிக்கலாம். அந்த 2 நிமிஷத் தவிப்பு இல்லை. ஆனால் மறுபடி எழுதுவதா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் எழுதுகிற குழந்தைகள். தாத்தா பாட்டிகள் பீஸ் கட்டலாம், சாப்பாடு போடலாம். எண்ணை அவர்களிடமே விட்டுவிடுவோம்.