பிள்ளைங்க கையிலே ஈரச்சாக்கைக் கொடுங்க

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு எல்லாம் பேசி முடிச்சாச்சு. இப்போ பணத்தைப் பத்தி இல்லாத ஒரு விஷயம். நம்ம பிள்ளைகளுக்குத் தீயணைப்புப் பயிற்சி வேணும் என்று கேட்கத்தான் நிற்கிறோம்.

2021 டிசம்பர் 8-ஆம் தேதியை நம்ம மலையிலே யாரும் மறக்க மாட்டோம். காட்டேரி பக்கம் நஞ்சப்பசத்திரத்தில் ராணுவ ஹெலிகாப்டர் விழுந்து எரிந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட அதில் இருந்த 14 பேரும் போய்விட்டார்கள். ஒருவர் மட்டும் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் போராடி இறந்தார். அன்றைக்கு முதலில் ஓடியது அந்த ஊர்ச் சனங்கள். கையில் கிடைத்த குடத்தில் தண்ணீர் கொண்டு போனார்கள். காயப்பட்டவர்களைத் தூக்க வீட்டுக் கம்பளியைக் கொடுத்தார்கள். விமான எரிபொருள் தீ குடத்துத் தண்ணிக்கு அடங்குமா? ஆனாலும் ஓடினார்கள். மலைக்காரங்க மனசு அது. தைரியத்துக்கு நம்மகிட்ட குறை இல்லை. எந்தத் தீக்கு எதைப் போடணும், எங்கே கிட்டப் போகக்கூடாது என்பதைத்தான் யாரும் கையைப் பிடிச்சுச் சொல்லித் தரவில்லை.

இதை ஏன் பெரியவங்களை விட்டுட்டுப் பிள்ளைங்க பக்கம் கொண்டு போகிறோம்? நாம காலையிலே கொழுந்து பறிக்கப் போயிடுறோம். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து அடுப்பு பத்த வைக்கிறது பாதி வீட்டிலே பிள்ளைங்கதான். லைன் வீடு வரிசையாக ஒட்டிக் கட்டியது. பரணில் விறகு, கொடியில் ஸ்வெட்டர், சால்வை. ஒரு வீட்டில் பிடிச்சால் பக்கத்து வீட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? தீயணைப்பு வண்டியோ கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றி வரணும். வந்தாலும் பல எஸ்டேட்டில் ரோட்டோடு நின்றுவிடும், லைனுக்குப் படிக்கட்டுதான். அந்த முதல் பத்து நிமிஷம் வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்கள் பொறுப்பு.

2004 ஜூலை 16 கும்பகோணத்தை நினைச்சுப் பாருங்க. பள்ளிச் சமையல் கூடத்தில் பிடித்த தீ கூரைக் கீற்றுக்குத் தாவியது. 94 பிள்ளைங்க. அதுக்கப்புறம் பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரை எடுக்கப்பட்டது, நல்லது. ஆனால் மணி அடித்தால் எந்த வாசல் வழியா, தள்ளாமல், எப்படி வெளியே வரணும் என்று நடந்து பழகினால்தான் காலுக்குத் தெரியும். சுவரில் எழுதி வைத்த வாசகம் புகையில் கண்ணுக்குத் தெரியாது.

நம்ம குழுப் பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை தீயணைப்பு நிலையத்துக்குக் கூட்டிப் போனோம். முதல் பாடம் தண்ணியும் இல்லை, தீயும் இல்லை. போன்! "101 போட்டுப் பேசு, நான்தான் நிலையம்" என்றார் அங்கே இருந்த வீரர். ஒரு பையன், "சார், எங்க வீட்டிலே தீ, சீக்கிரம் வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டான். எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "எந்த வீடுப்பா?" என்றார். எந்த எஸ்டேட், எந்த டிவிஷன், எது எரியுது, உள்ளே ஆள் இருக்கா, வண்டி எதுவரை வரும், இந்த ஐந்தையும் சொல்லிவிட்டு, அவர்கள் வைத்த பிறகுதான் நாம் வைக்கணும். ஒவ்வொரு பிள்ளையையும் சொல்ல வைத்தார்.

பிறகு இரும்புத் தட்டில் எண்ணெய் ஊற்றிப் பற்ற வைத்தார்கள். பையன்கள் முன்னால் முண்டினார்கள், பெண் பிள்ளைகள் பின்னால் ஒதுங்கினார்கள். "அடுப்படியில் நிற்கப் போவது யாரு? நீங்க வாங்கம்மா" என்று அவர் கூப்பிட்டது எங்களுக்கு ரொம்பப் பிடித்தது. (பையனும் அடுப்படியில் நிற்கலாம், அது வேற கூட்டத்தில் பேசுவோம்.) தண்ணியில் நனைத்துப் பிழிந்த கோணிச்சாக்கை முகத்துக்கு மறைவாக இரண்டு கையால் விரித்துப் பிடித்து, நம் பக்கத்திலிருந்து அந்தப் பக்கமாக மெதுவாக மூடணும். வீசி எறியக்கூடாது. முதல் பிள்ளைக்குக் கை நடுங்கியது. மூன்றாவது பிள்ளை தானாகவே வந்து வாங்கிக்கொண்டாள்.

கொதிக்கிற எண்ணெய்த் தீயில் ஏன் தண்ணி ஊற்றக்கூடாது என்றும் சொன்னார்கள். தண்ணி எண்ணெய்க்கு அடியில் போய் உடனே ஆவியாகும். ஆவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும், எரிகிற எண்ணெயை மேலே தூக்கி அடிக்கும். காரணம் தெரிந்தால் பிள்ளைங்க மறக்க மாட்டாங்க. கேஸ் கசிந்தாலும் அப்படித்தான். கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். குளிருக்காக நாம கதவு ஜன்னலை அடைத்தே வைக்கிறோம், இங்கே அது இன்னும் ஆபத்து. ரெகுலேட்டரை மூடு, கதவைத் திற, ஸ்விட்சைத் தொடாதே, வெளியே வந்து 1906-க்குப் பேசு. ராத்திரி கரிக்கனலைத் தூங்குகிற அறைக்குள் வைப்பதும் வேண்டாம். அந்தப் புகைக்கு வாசனையே இல்லாமல் ஆளை முடித்துவிடும்.

துணியில் பிடித்தால் ஓடாதே. நில், படு, உருள். இதைப் புல்லில் உருண்டே பழகினார்கள், ஒரே கும்மாளம். தீக்காயத்துக்குப் பேஸ்ட், மாவு, மை எதுவும் தடவாமல் இருபது நிமிஷம் குழாய்த் தண்ணியில் காட்டணும்.

காட்டுத்தீ பற்றியும் கேட்டோம். 2024 மார்ச்சில் குன்னூர் பாரஸ்ட்டேல் பக்கம் நாள்கணக்கில் எரிந்து, விமானப்படை ஹெலிகாப்டரில் தண்ணி கொண்டு வந்து ஊற்றினார்களே, அதை எல்லாரும் பார்த்தோம். சரிவில் தீ கீழே இருந்து மேலேதான் வேகமாக ஓடும். அதனால் தீக்கு மேல் பக்கம் நிற்கவே கூடாது. 2018 மார்ச்சில் தேனி குரங்கணி மலையில் புல் சரிவில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பலர் இளம் வயதினர். "வீரம் காட்டாதே, தகவல் கொடு, பக்கவாட்டில் இறங்கி விலகு" என்று வீரர்களே சொல்வதைப் பிள்ளைங்க கேட்கணும். நாம சொன்னா கேட்பாங்களா!

ஒரு பெண் பிள்ளை, "நாங்களும் இந்த வேலைக்கு வரலாமா?" என்று கேட்டாள். வரலாம். 2003-லேயே ப்ரியா ரவிச்சந்திரனும் மீனாட்சி விஜயகுமாரும் நம் மாநிலத் தீயணைப்புத் துறையில் அதிகாரிகளாகச் சேர்ந்தார்கள். 2012-இல் சென்னை எழிலகத் தீயில் ப்ரியா உள்ளே போய்த் தீக்காயம் பட்டவர்.

இப்போ நம்ம கோரிக்கைக்கு வருவோம். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944-இல் அதே தேதி பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்து அறுபதுக்கும் மேற்பட்ட தீயணைப்பு வீரர்கள் இறந்ததன் நினைவு. அந்த வாரம் பள்ளிகளில் செய்முறை காட்டுகிறார்கள். ஆனால் நமக்கு அது தாமதம். உறைபனி விழுந்து புல் கருகுவது டிசம்பர், ஜனவரியில். காடு எரிவது அதற்குப் பிறகு மார்ச் வரை. ஏப்ரலில் பிள்ளைகளுக்குப் பரீட்சை வேற. ஆகவே மலைப் பள்ளிகளுக்குப் பொங்கலுக்கு முன்னாலேயே ஒரு நாள் ஒதுக்கச் சொல்லி நிலைய அலுவலருக்கும் தலைமை ஆசிரியருக்கும் மனுக் கொடுப்போம். பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளையும் சேர்க்கணும் என்று அதில் தனியாக எழுதணும்.

மனு மாதிரி எங்களிடம் இருக்கிறது. ஊக்குநர், பிரதிநிதிகள் போகும்போது வாங்கிக்கொள்ளுங்கள். குழுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, நகல் ஒன்றை அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. எஸ்டேட்டில் நடத்துவதாக இருந்தால் மேனேஜரிடம் முன்னாடியே அனுமதி கேட்டு வையுங்கள். பயிற்சி நாளுக்கு வீட்டுக்கு ஒரு பழைய கோணிச்சாக்கும், இரண்டு வீட்டுக்கு ஒரு பக்கெட்டும் போதும்.