தங்கம் போனது, சயனைடு மண் மிஞ்சியது

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பொருளாதார வளர்ச்சியையும் சூழல் பாதுகாப்பையும் எப்படிச் சமன் செய்வது என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். வளத்தைத் தோண்டி எடுத்தவர்கள் யார், தோண்டி முடித்த பிறகு அந்த மண்ணோடு கிடக்கிறவர்கள் யார் என்று கேட்காமல் இதைப் பேச முடியாது. கோலார் தங்கவயலை வைத்துப் பேசுகிறேன்.

1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே தங்கம் எடுக்கத் தொடங்கியது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து போன தலித் மக்கள்தான் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர். 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் வரை இறங்கினார்கள். பாறை வெடித்துச் செத்தார்கள். கல்தூசு நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் வந்து செத்தார்கள். 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் வெளியே வந்தது.

இதைக் கேட்டதும் சுரங்கமே வேண்டாம் என்று சொல்லத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். ஊரில் பண்ணையாளாகக் கிடந்தவர்களுக்கு அந்தச் சுரங்கம்தான் ரொக்கக் கூலி தந்தது. ஆண்டையின் முகத்தில் விழிக்காமல் வாழ ஓர் இடம் தந்தது. அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் அங்கே வேர்பிடித்தது. அவர் மறைவுக்குப் பிறகு 'தமிழன்' இதழ் அங்கிருந்து வெளிவந்தது. 1930இல் நிர்வாகம் கைரேகை வைக்கச் சொன்னபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அம்பேத்கரும் தொழில்மயத்தை எதிர்த்தவரல்ல. முக்கியத் தொழில்கள் அரசுடைமையாக வேண்டும் என்று 1947இல் எழுதியவர். ஆகவே, பழைய கிராமத்தை இயற்கையோடு இயைந்த வாழ்வு என்று கொண்டாடும் சூழலியல் நமக்கானதல்ல. அந்தக் கிராமத்திலிருந்து தப்பித்து வந்தவர்கள் நாம்.

ஆனால் தப்பித்து வந்த இடத்தில் என்ன மிஞ்சியது? 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அப்போது அது ஒன்றிய அரசின் பொதுத்துறை நிறுவனம். வேலை, குடியிருப்பு, மருத்துவமனை எல்லாமே சுரங்கத்தை நம்பி இருந்த ஊர் அது. இன்று ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய், இரவில் திரும்புகிறார்கள். ஊருக்குள் 13 கழிவுமேடுகள், ஆயிரம் ஏக்கருக்கும் மேல், சுமார் 3.3 கோடி டன். சயனைடு கொண்டு தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண். காற்றடித்தால் அந்தத் தூசு லைன் வீடுகளுக்குள்தான் வருகிறது.

சுரங்கத்தை மூடுவதற்கான திட்டத்தை முன்கூட்டியே தர வேண்டும் என்ற விதி 2003இல் வந்தது. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்காக மாவட்டக் கனிம அறக்கட்டளை 2015இல் வந்தது. இரண்டுமே தங்கவயல் மூடிய பிறகு வந்தவை. ஜெர்மனியில் நிலக்கரியை 2038க்குள் கைவிட 2020இல் சட்டம் செய்தார்கள். நிலக்கரிப் பகுதிகளுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கினார்கள். அதற்குப் பரிந்துரை தந்த குழுவில் தொழிற்சங்கங்களும் அந்தப் பகுதிகளின் பிரதிநிதிகளும் இருந்தார்கள். அவர்கள் பணக்கார நாடு என்று சொல்லித் தப்பிக்கலாம். 800 டன் தங்கம் எடுத்த ஊருக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. மூடுவதைப் பற்றிய பேச்சில் தொழிலாளிக்கு நாற்காலி போடுவதற்குப் பணம் தேவையில்லை.

இப்போது அந்தக் கழிவுமேடுகளிலேயே மிச்சத் தங்கத்தை எடுக்கும் ஒன்றிய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்திருக்கிறது. வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை ஊரில் இருப்பது நியாயம். நாம் கேட்க வேண்டியவை மூன்று. மேட்டைக் கிளறுவதற்கு முன் அங்கு வாழும் மக்களின் உடல்நலம், குடிநீர், மண் ஆகியவற்றை ஆய்வு செய்து முடிவுகளைத் தமிழிலும் கன்னடத்திலும் வெளியிட வேண்டும். வேலையிலும் வருவாயிலும் முதல் பங்கு பழைய தொழிலாளர் குடும்பங்களுக்கு வேண்டும், குடியிருக்கும் வீட்டுக்குப் பட்டாவும் சேர்த்து. இந்தப் பணி முடிந்தபின் நிலத்தைச் சீர்செய்ய ஆகும் பணத்தை, தோண்டத் தொடங்கும் முன்பே தனிக்கணக்கில் வைக்க வேண்டும்.

சூழல் என்றால் காடும் புலியும் மட்டுமல்ல. சேரியின் மேல் விழும் தூசும் சூழல்தான். லாபம் ஒரு பக்கமும் தூசு இன்னொரு பக்கமும் போகிறவரை, வளர்ச்சிக்கும் சூழலுக்கும் சமநிலை வந்துவிட்டது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.