புதுப் போனுக்கு எத்தனை பேர்?



கொரோனாக் காலத்தில் பள்ளிக்கூடம் மூடியபோது, நம் பிள்ளைகள் சிக்னல் தேடி மலையேறியதை நாம் மறக்கவில்லை. அதனால் போன் வீண் செலவு என்று சொல்ல மாட்டோம். கையிலிருக்கும் போன் வேலை செய்யும்போது இன்னொன்று எதற்கு என்றுதான் கேட்கிறோம்.

2024 செப்டம்பரில் நமது அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயானது. அந்தக் கணக்கில் 81,000 ரூபாய் போனுக்கு 60 பேர் போட வேண்டும். தவணைக்கு எடுத்தால் வட்டி வேறு. அந்த 60 நாள் உழைப்புக்குக் கிடைப்பது இன்னும் கொஞ்சம் தெளிவான கெமரா, இன்னும் கொஞ்சம் வேகம். வட்ஸ்அப்பில் வரும் பாடக்குறிப்பை வாசிக்க இவை தேவையில்லை.

சார்ஜ் நிற்கவில்லையா? பெட்டரியை மாற்றுவோம். இடம் நிரம்பிவிட்டதா? பழைய வீடியோக்களை அழிப்போம். பாதுகாப்பு அப்டேட் நின்று, வங்கி அப்பும் திறக்காவிட்டால் போனை மாற்றத்தான் வேண்டும். அப்போதும் கடனுக்குப் போகாமல், சீட்டுக் காசு கைக்கு வந்த பிறகு வாங்குவோம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவான போனா என்று கடையிலேயே பார்ப்போம்.

பிள்ளை புதுப் போன் கேட்டால் ஏச வேண்டாம். சம்பளத் துண்டைக் கையில் கொடுத்து, எத்தனை பேர் என்று பிள்ளையையே கணக்குப் பார்க்கச் சொல்லுவோம்.