பதிவேட்டில் எழுதும் உண்மை
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



தொழிலிடத்தில் நேர்மை, தலைமைத்துவம் பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். நாங்கள் வைத்தியத் துறையினர். எமக்குத் தெரிந்ததிலிருந்தே தொடங்குகிறோம்.

1996இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து மரத்தடியில் படித்த காலம் எங்கள் வகுப்பினருக்கு மறக்காது. கதிரை, மேசை எதுவும் வரவில்லை. வகுப்பு இடாப்பு மட்டும் ரீச்சரின் கையோடு வந்தது. ஒருநாள் வராத தோழிக்காக நாங்கள் குரல் கொடுத்தோம். ரீச்சர் ஏசவில்லை. “இடாப்பு பொய் சொன்னால், காணாமல்போன பிள்ளையைத் தேட ஆளிருக்காது” என்றார்.

அதன் பொருள் 2009இல்தான் முழுமையாக விளங்கியது. அந்த ஆண்டு பெப்ரவரியில், வன்னியில் எஞ்சியிருந்தோர் 70,000 பேர் அளவில்தான் என்று அரசு தரப்பில் சொல்லப்பட்டது. இறுதியில் வவுனியா மெனிக் பாம் முதலிய முகாம்களுக்கு வந்து சேர்ந்தோர் 2,80,000க்கும் மேல். எண்ணிக்கை குறைந்தால் மருந்தும் உணவும் குறையும். உள்ளே நின்ற வைத்தியர்கள் சத்தியமூர்த்தி, வரதராஜா, சண்முகராஜா முதலியோர் அரச ஊழியர்கள். புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பாடசாலைக் கட்டடங்களையும் கூடாரங்களையும் வைத்தியசாலையாக்கி, காயப்பட்டோரையும் இறந்தோரையும் கணக்கெடுத்து வெளியே சொன்னார்கள். போதிய மருந்து இருந்திருந்தால் பல மரணங்களைத் தடுத்திருக்கலாம் என்று மார்ச் மாதம் தமது அமைச்சுக்கே எழுதினார்கள்.

மே மாதம் தடுத்து வைக்கப்பட்ட அவர்கள், ஜூலை 8ஆம் திகதி கொழும்பில் ஊடகங்களின் முன் தாம் சொன்ன எண்ணிக்கைகள் மிகைப்படுத்தப்பட்டவை என்றார்கள். அது நிர்ப்பந்தத்தில் சொன்னது என்று வைத்தியர் வரதராஜா பின்னர் வெளிநாட்டிலிருந்து கூறினார். அவர்களைக் குறை சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. உண்மை சொல்பவருக்குத் துணிவு இருந்தால் மட்டும் போதாது, அதைச் சொல்ல விடும் மேலிடமும் வேண்டும் என்பதே நாங்கள் கற்றது.

அப்படிக் கற்ற நாங்களும் ஒருநாள் அந்த மேலிடமாக நின்று தவறினோம். சில வருடங்களுக்கு முன், ஒரு வைத்தியசாலையில், பிரசவத்தின் பின் ஒரு தாய்க்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. தாதி எங்களை அழைத்தது இரவு 11.10க்கு. நாங்கள் போனது 11.45க்கு. வேறொரு நோயாளியோடு நின்றோம் என்பது உண்மை. பதிலுக்கு வேறு ஒருவரை அனுப்பவில்லை என்பதும் உண்மை. தாய் பிழைத்தார். பிறகு, “நேரத்தை 11.30 என்று போடுங்கோ மிஸ்” என்றோம்.

அந்த இளம் தாதி தலை நிமிராமலே, “நான் கூப்பிட்டது 11.10க்கு, டொக்டர். அது அப்பிடியே இருக்கட்டும்” என்றார்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. அடுத்த கூட்டத்தில், பிந்தியது நாங்கள்தான் என்றும், நேரத்தை மாற்றச் சொன்னதும் நாங்கள்தான் என்றும் எல்லோர் முன்னும் சொன்னோம். காரணத்தைத் தேடியபோதுதான், இரவில் ஒரே வைத்தியர் இரண்டு விடுதிகளைப் பார்ப்பது பேச்சுக்கு வந்தது. அவசரத்தில் இரண்டாவது வைத்தியரை அழைக்கும் ஒழுங்கு செய்யப்பட்டது. 11.30 என்று எழுதியிருந்தால் அந்த ஒழுங்கு வந்திராது.

சகோதரிகளே, இன்று நம்மில் அதிபர்கள் இருக்கிறார்கள், வங்கி முகாமையாளர்கள் இருக்கிறார்கள், கச்சேரியிலும் ரொறன்ரோ அலுவலகங்களிலும் பலருக்குப் பொறுப்பானவர்கள் இருக்கிறார்கள். நமக்குக் கீழே வேலை செய்யும் ஒரு பிள்ளை கெட்ட செய்தியோடு வந்து கதவடியில் நிற்கும்போது நம் முகம் எப்படி மாறுகிறது என்பதை அவள் கவனிக்கிறாள். அடுத்த முறை அவள் வருவாளா என்பது அதில்தான் தங்கியிருக்கிறது. நமது தவறை நாமே முதலில் சொன்னால் அவளுக்குப் பயம் குறையும். நாம் கையெழுத்திடத் தயங்குவதை அவளிடம் எழுதச் சொல்லாதிருப்போம்.

மரத்தடியில் ரீச்சர் காப்பாற்றிய அந்த இடாப்பு இப்போது நம் கையில் இருக்கிறது.