விருந்தினனின் பெயர்

(ஸ்ரீவராகத்தில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இலக்கியம் பேசும் மேடையில் திரைப்படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று சிலர் எண்ணக்கூடும். அதுவும் மலையாளப் படம். அதிலும் காற்பந்தாட்டத்தைப் பற்றிய படம். ஆயினும், முன்னோர் பிறந்த மண்ணை விட்டு வந்து வேற்று மொழி வழங்கும் ஊரில் வாழ்வோர் கூடியுள்ள இம்மன்றத்திற்கு, அதனினும் பொருத்தமான பொருள் எனக்குத் தோன்றவில்லை. 2018 மார்ச்சுத் திங்களில் வெளிவந்த ‘சுடானி ஃப்ரம் நைஜீரியா’ என்பதே அப்படம். சக்கரியா என்பவர் இயக்கிய முதற்படம் அது. அவரும் முஹ்சின் பராரியும் சேர்ந்து எழுதியது.

கதை நிகழும் இடம் மலப்புறம். அங்கே ‘செவன்ஸ்’ என்றொரு காற்பந்தாட்டம் உண்டு. அணிக்குப் பதினொருவர் என்பது உலக வழக்கு. இதில் அணிக்கு எழுவரே. ஆடுகளமும் சிறிது. மழை ஓய்ந்து அறுவடை முடிந்தபின், வயல்வெளிகளில் தாற்காலிகப் படிக்கட்டுகள் எழும்பும். மாலையானால் விளக்கொளியில் ஆயிரக்கணக்கானோர் திரள்வர். நைஜீரியா, கானா முதலிய ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து ஆட்டக்காரர்களைக் கூலி பேசி அழைத்துவருவதும் அங்குள்ள வழக்கம். ஆடினால் கூலி. கால் ஒடிந்தால் வருவாயும் ஒடிந்தது!

காற்பந்து உழைப்பாளிகளின் ஆட்டம் என்பதற்குச் சான்று தேட நாம் நெடுந்தொலைவு போகவேண்டுவதில்லை. திருச்சூர் விளையாட்டரங்கில் சோடா விற்ற சிறுவன் ஐ. எம். விஜயன், பின்னர்க் கேரளக் காவல்துறை அணியில் ஆடி, இந்திய அணிக்கே தலைவராகி, 2025-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். நம் மாவட்டத்தின் தென்கோடியில், தமிழக எல்லையை ஒட்டிக் கிடக்கும் பொழியூர் என்ற மீனவர் ஊர், சந்தோஷ் கோப்பைப் போட்டிகளுக்கு ஆட்டக்காரர் பலரைத் தந்த ஊர். வலை இழுத்த குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே கடற்கரை மணலில் பந்துதைத்து வளர்ந்தார்கள்.

இனிக் கதைக்கு வருவோம். மஜீது என்னும் இளைஞன் ஒரு செவன்ஸ் குழுவை நடத்துகிறான். கையில் பணம் இல்லை. தலையில் கடன் உண்டு. பந்துப் பைத்தியம் பிடித்தவனுக்குப் பெண் கொடுப்பாரும் இல்லை. அவன் குழுவின் உயிர்நாடியான நைஜீரிய வீரன் சாமுவேல், ஆடுகளத்திலன்று, குளியலறையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொள்கிறான். மருத்துவமனைச் செலவு தாங்காத மஜீது, அவனைத் தன் வீட்டிற்கே கொண்டுவந்து கிடத்துகிறான். ஆட்டத்தின் ஆரவாரம் அதனோடு அடங்குகிறது. எஞ்சிய கதையில் பெரும்பகுதி ஒரு கட்டிலைச் சுற்றியே நடக்கிறது.

அவ்வீட்டில் மஜீதின் தாயும், அண்டைவீட்டு மூதாட்டி பீயும்மாவும் இருக்கிறார்கள். இவர்கள் மலப்புறத்து மலையாளம் பேச, அவன் ஆங்கிலம் பேசுகிறான். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ஆயினும் உரையாடல் தடைப்படுவதில்லை. நாம் வயிறு குலுங்கச் சிரிக்கிறோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்குகிறது. ஓடி ஆடிப் பொருளீட்டித் தந்தபோது அவனைக் குழுவினர் கொண்டாடியது இயல்பே. எழுந்து நிற்கவும் மாட்டாமல் கிடந்தபோது கஞ்சி கொடுத்துக் காத்ததே விருந்தோம்பல். திருவள்ளுவர் இதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அக்குறள்களை ஓதி அறியாத இரு முதிய பெண்கள் அவற்றை வாழ்ந்து காட்டுகிறார்கள். அப்பாத்திரங்களை ஏற்ற சாவித்திரி ஸ்ரீதரனும் சரசா பாலுச்சேரியும் கோழிக்கோட்டு நாடக மேடையில் பயின்றவர்கள். மாநில விருது இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. மஜீதாக நடித்த சௌபின் ஷாஹிர், 2018-ஆம் ஆண்டின் சிறந்த நடிகருக்கான மாநில விருதை ஜயசூர்யாவுடன் பகிர்ந்துகொண்டார். சிறந்த மலையாளப் படம் என்னும் தேசிய விருதும் இப்படத்திற்குக் கிடைத்தது.

இக்கதைக்குள் இன்னொரு கதையும் உண்டு. மஜீதின் தாயை மறுமணம் செய்துகொண்ட முதியவர் ஒருவர் இருக்கிறார். கே. டி. சி. அப்துல்லா அப்பாத்திரத்தில் நடித்தார். அவரைத் தந்தையென அழைக்க மஜீதிற்கு மனம் வரவில்லை. அவரும் அவ்வீட்டிற்கு அயலார்போல ஒதுங்கியே வாழ்கிறார். எங்கிருந்தோ வந்தவனுக்குக் கட்டில் இட்டவன், வீட்டுப் பெரியவருக்கு ஓர் அன்புச்சொல் இடவில்லை! போரில் பெற்றோரை இழந்து ஏதிலியாய் வளர்ந்த சாமுவேலின் துயரத்தை அறிந்தபின்பே மஜீதின் நெஞ்சம் இளகுகிறது. நண்பனை வழியனுப்பிவிட்டு அவன் அம்முதியவரை நாடிச் செல்கிறான். அயலானுக்குத் திறந்த கதவு, தன்னவருக்கும் திறக்கிறது.

அன்பர்களே! படத்தின் பெயரைச் சற்று எண்ணிப் பாருங்கள். சாமுவேலின் நாடு நைஜீரியா. ஊராரோ அவனைச் ‘சுடானி’ என்கிறார்கள். சூடான் வேறு நாடு. இரண்டுக்கும் இடையே சாடு என்னும் நாடு கிடக்கிறது. கறுத்த மேனியும் சுருண்ட மயிரும் உடையார் அனைவரும் அவர்களுக்குச் சுடானியே. அதில் பகை இல்லை. கேட்டறிய வேண்டும் என்ற எண்ணமும் இல்லை.

படத்திற்கு வெளியிலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. படம் வெளிவந்தபின், அவ்வேடத்தில் நடித்த நைஜீரிய நடிகர் சாமுவேல் அபியோலா ராபின்சன், தமக்குத் தந்த ஊதியம் குறைவென்றும், தம் நிறமே அதற்குக் காரணமென்றும் வெளிப்படையாகக் கூறினார். தயாரிப்பாளர்கள் அதனை மறுத்தனர். பின்னர் மேலும் ஒரு தொகை வழங்கப்பட்டது. அவரும் தம் குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றார். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூற நான் வரவில்லை. ஆனால் ஒன்று விளங்குகிறது: அன்போடு இட்ட சோறு கூலிக்கு ஈடாகாது. விருந்தினனுக்கு இரண்டும் வேண்டும்.

இவை நமக்கு அயலான செய்திகளா? வராகமூர்த்தி கோயிலும் அதன் பெருங்குளமும் விளங்கும் இந்த ஸ்ரீவராகத்திற்கு நம் முன்னோர் வாணிகத்திற்கும், கணக்கெழுதவும், சமைக்கவும், கற்பிக்கவும் வந்தார்கள். திருநெல்வேலியார், நாஞ்சில் நாட்டார், மதுரையார் என்ற வேறுபாடு இன்றி, தமிழர் அனைவரும் ‘பாண்டி’ என்ற ஒரு சொல்லுக்குள் அடைக்கப்பட்டதுண்டு. அச்சொல் எப்படிச் சுடும் என்பதை இங்குள்ள முதியோர் அறிவர். ஆனால், பெயர் சொல்லி அழைத்து, திண்ணையில் இடம் தந்து, ஓணத்திற்குப் பாயசம் கொடுத்தனுப்பிய மலையாளத் தாய்மாரும் இருந்தார்கள். அவர்களால் அன்றோ இவ்வூர் நம் ஊராயிற்று?

இன்று இத்தெருக்களில் சுவர் எழுப்புவோர், உணவு விடுதிகளில் பாத்திரம் துலக்குவோர் பலர் அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். அரசு அவர்களை ‘அதிதித் தொழிலாளர்’ என்கிறது. ஊர் வழக்கிலோ அனைவரும் ‘பெங்காலி’! ‘பாண்டி’ என்றால் நோகும் நாம், ‘பெங்காலி’ என்று எப்படி வாய் கூசாமல் அழைப்பது?

ஆகவே, இச்சங்கத்தின் முன் ஒரு சிறு வேண்டுகோளை வைக்கிறேன். நம் வீட்டுச் சுவரைப் பூச வருபவரின் பெயரையும் ஊரையும் கேட்டறிவோம். பேசிய கூலியைப் பேசிய நாளில் கொடுப்போம். நம் இளைஞர்கள் மாலையில் பந்தாடும்போது, வேலை முடிந்து ஓரத்தில் நின்று பார்க்கும் அவ்விளைஞர்களையும் ஆட்டத்திற்கு அழைக்கட்டும். பந்துக்கு மொழி இல்லை. செவன்ஸ் ஆட்டத்திற்கு எழுவர் போதும். அதில் ஓரிடம் புதிதாய் வந்தவனுக்கு என்று வைப்போம்.