பன்றி தீனியை விட்டால் முதலில் என்ன செய்வோம்?

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளப் போராட்டத்தைப் பற்றியே பேசிப் பழகிய நாம் இன்று பன்றியைப் பற்றிப் பேசப்போகிறோம். இதுவும் நமது வருமானத்தைப் பற்றிய பேச்சுத்தான். நாட்சம்பளம் போதாமல்தான் லயத்துக்குப் பின்னால் மாடும் கோழியும் பன்றியும் வளர்க்கிறோம். பிள்ளையின் படிப்புச் செலவும் அடகு வைத்த தோடும் அந்தக் கொட்டிலை நம்பித்தான் இருக்கின்றன.

2024 ஒக்டோபரில் நமது நாட்டில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இருப்பது உறுதியானது. இது மனிதருக்குத் தொற்றாது. ஆனால் பன்றிக்கு வந்தால் பெரும்பாலும் சாவுதான். நம் நாட்டில் இதற்குத் தடுப்பூசி இல்லை, உலகில் எங்கும் இதைக் குணப்படுத்தும் மருந்தும் இல்லை. ஆகவே இந்த நோய்க்கு ஊசி போடுகிறேன் என்று எவராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

அடையாளங்களைத் தெரிந்துகொள்வோம். பன்றி தீனியை விடும். ஒன்றோடொன்று நெருக்கிப் படுத்துக் கிடக்கும். காது, வயிறு, கால் பகுதிகளில் தோல் சிவந்து நீலம் பாயும். வாந்தியும் இரத்தம் கலந்த கழிச்சலும் வரலாம். சினைப் பன்றி குட்டியை வீசிவிடும். சில வேளை எந்த அறிகுறியும் இல்லாமல் காலையில் செத்துக் கிடக்கும். பன்றியின் சாதாரண உடல் வெப்பம் ஏறத்தாழ 39 பாகை செல்சியஸ். அது ஓய்வாக இருக்கும்போது ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். 40க்கு மேல் போனால் காய்ச்சல் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் கண்ணால் பார்த்து நோயின் பெயரைச் சொல்லிவிட முடியாது. சாதாரணப் பன்றிக் காய்ச்சல் என்ற வேறொரு வைரஸ் நோய்க்கும் இதே அடையாளங்கள்தான். அதற்குத் தடுப்பூசி உண்டு. எது என்பதை ஆய்வுகூடப் பரிசோதனைதான் சொல்லும். தோலில் சாய்சதுர வடிவில் சிவந்த தடிப்புகள் எழும் எரிசிபெலாஸ் நோய் பக்டீரியாவால் வருவது. நேரத்தோடு பென்சிலின் ஊசி போட்டால் குணமாகும். அது கையில் உள்ள வெட்டுக்காயம் வழியாக நமக்கும் தொற்றும். வாயிலும் குளம்பிலும் கொப்புளம் கண்டால் அது கால்வாய் நோயாக இருக்கலாம். பக்கத்து வீட்டு மாட்டுக்கும் பரவும். குட்டிகளுக்குக் கழிச்சல் கண்டால் உடம்பில் நீர் வற்றித்தான் சாகும். குளிர் காற்றுப் படாமல் வைத்து, உப்பும் சீனியும் கலந்த நீரைக் கொடுத்தபடி வைத்தியரை அழையுங்கள். பிறந்தவுடன் சீம்பால் குடித்த குட்டிதான் நோயைத் தாங்கும்.

மீதியிருக்கும் மருந்தை ஊகத்தில் குத்தாதீர்கள். ஊசி போட்ட பன்றியை வைத்தியர் சொன்ன நாள் கழியும்வரை இறைச்சிக்குக் கொடுக்கவும் கூடாது.

இனி, கசப்பான ஒன்றையும் சொல்லவேண்டும். பன்றி தீனியை விட்டதும் நமக்கு முதலில் என்ன தோன்றுகிறது? “சாகுமுன் விற்றுவிடுவோம்.” வியாபாரியும் அரை விலைக்கு ஏற்றிப் போவான். கடன் பட்டவரின் நெஞ்சுக்குத் தெரியும் அந்த அரை விலையின் அருமை. அவரை நாம் பழிக்கவில்லை. ஆனால் அந்த வண்டி அடுத்த டிவிசனில் நிற்கும். அங்கேயும் நம்மைப்போல ஒரு தாய்தான் கொட்டில் வைத்திருக்கிறாள். இந்த வைரஸ் இறைச்சியிலும் இரத்தத்திலும், குளிரூட்டியில் வைத்தாலும்கூட, நீண்ட காலம் உயிரோடு இருக்கும். செத்த பன்றியை ஆற்றில் போட்டால் கீழேயுள்ள லயங்கள் அத்தனைக்கும் நோயை அனுப்புகிறோம்.

ஆகவே செய்யவேண்டியவை இவைதான். நோயுற்ற பன்றியை உடனே பிரித்து வையுங்கள். பன்றியோ இறைச்சியோ வெளியே போகக்கூடாது. அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அன்றே அறிவியுங்கள். 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் இதற்கெல்லாம் இருக்கிறது. செத்ததை வைத்தியர் காட்டும் இடத்தில் ஆழக் குழிதோண்டிப் புதையுங்கள். ஹோட்டல் மிச்சச் சாப்பாட்டைக் கிளறிக் கிளறி அரை மணி நேரமாவது கொதிக்கவைத்து, ஆறிய பின் போடுங்கள். கொட்டிலுக்கென்று தனிச் செருப்பு வையுங்கள். ஒரு கொட்டிலுக்குள் போனவர் அதே காலோடு மற்றக் கொட்டிலுக்குப் போகவேண்டாம்.

உண்மையைச் சொல்பவர் நட்டப்படுவதும் மறைப்பவர் தப்புவதும் என்றிருந்தால் எந்த நோயும் அடங்காது. அதனால்தான் சங்கம் கேட்கிறது: அறிவித்துப் பன்றியை இழந்த குடும்பத்துக்கு நட்டஈடு வேண்டும். புதைப்பதற்கு நீரோடைக்குத் தள்ளி நிலத்தைத் தோட்ட நிர்வாகம் ஒதுக்கவேண்டும். கால்நடை வைத்தியர் தோட்டத்துக்கு ஒழுங்காக வரவேண்டும்.

கேட்பதைச் சங்கம் கேட்கும். மறைக்காமல் இருப்பது நம் கையில். ஒவ்வொரு லயத்திலும் ஒருவரைத் தெரிவு செய்து, கால்நடை வைத்திய அலுவலகத் தொலைபேசி இலக்கத்தை அவரிடம் கொடுத்து வைப்போம். பெயர்களை இன்றே எழுதிவிட்டுக் கலைவோம்.