வெந்நீர் அடுப்பும் விரற்கடை இடைவெளியும்



ஏர்பேட்டில் வீட்டைச் சூடாக்க விறகு எரிப்பவர் யாரும் இல்லை. சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர். ஆனாலும் திருப்பதிக்கும் காளஹஸ்திக்கும் இடைப்பட்ட அந்தப் பக்கத்துக் கிராமங்களில் விடியற்காலையில் புழக்கடை அடுப்பு புகைகிறது. ஐ.ஐ.டி.யும் ஐசரும் வந்துவிட்ட மண்டலம்தான். குளிக்க வெந்நீர் மட்டும் இன்னும் விறகில்தான்.

சமையலுக்கு காஸ் வந்து வெகுநாளாயிற்று. ஆந்திராவில் தீபம் திட்டம் தொடங்கியதே 1999-ல். 2024 தீபாவளியிலிருந்து தகுதியுள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 3 சிலிண்டர் இலவசம் என்றும் ஆகிவிட்டது. ஆனால் ஒரு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. அதைப் போய் குளிக்கிற தண்ணீருக்குச் செலவழிக்க யாருக்கு மனசு வரும்? மாந்தோப்பில் கழித்த கிளை, ஏரிக்கரைச் சீமைக் கருவேலம், தென்னை மட்டை என்று கைக்கு எட்டியது அந்த அடுப்புக்குப் போகிறது. கைக்கு எட்டுவதாலேயே அதைக் கணக்குப் பார்ப்பதும் இல்லை.

நாம் கணக்குப் பார்ப்போம். 20 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 45-க்குக் கொண்டுவர 400 கிலோ கலோரி வேண்டும். காய்ந்த விறகு கிலோவுக்கு ஏறத்தாழ 3,500 தரும். மூன்று கல்லைக் கூட்டி வைத்த அடுப்பில் பத்தில் ஒரு பங்கு சூடுதான் பாத்திரத்தில் ஏறும். ஆக ஒரு வாளி வெந்நீருக்கு ஒரு கிலோவுக்கு மேல் விறகு. நன்றாகப் போட்ட மண் அடுப்பு நாலில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும். அரைக் கிலோவில் காரியம் முடியும். மற்றதெல்லாம் அண்டாவைத் தடவிவிட்டு வானத்துக்குப் போகிற சூடு.

அதைப் பிடித்து நிறுத்துவதில்தான் கைவேலை இருக்கிறது. புற்றுமண்ணில் உமியும் சாணமும் சேர்த்து மிதித்து, இரண்டு மூன்று நாள் புளிக்க விட்டு, பிறகு சுவர் எழுப்புவார்கள். விளிம்பில் மூன்று குமிழ். இந்தக் குமிழின் உயரத்தைக் கவனியுங்கள். பாத்திரத்துக்கும் விளிம்புக்கும் நடுவே தீ வெளியேறும் வழி அதுதான். உயரம் கூடினால் சூடு பறந்துவிடும். குறைந்தால் தீ மூச்சுத் திணறி வாய் வழியாகப் புகையைத் திருப்பித் தள்ளும். பழகிய பெண்கள் விரலை மடக்கி வைத்துத்தான் அளப்பார்கள், விரற்கடை அகலம். அதுவும் அந்த வீட்டு அண்டாவைக் கவிழ்த்துப் பார்த்தே விளிம்பை வளைப்பார்கள். ஊதுகுழல் ஓயாமல் தேவைப்படுகிற அடுப்பு சரியாகப் போட்ட அடுப்பு இல்லை என்பது என் கட்சி.

நம் கொடியடுப்பு இந்த வகையில் ஒரு நல்ல யோசனை. ஒரே வாயில் விறகு. மிஞ்சிய தீ உள்வழியாகப் பக்கத்துக் கண்ணுக்குப் போய் இன்னொரு பாத்திரத்தைச் சூடாக்கும். புகைபோக்கி இல்லாததுதான் அதன் பெரிய குறை. அந்தக் குறையைச் சமையல்கட்டில் தலைமுறை தலைமுறையாகப் பெண்களின் கண்ணும் நெஞ்சும் தாங்கின. பழையது என்பதற்காக அதை நான் மன்னிக்க மாட்டேன்.

மன்னிக்காதவர்கள் முன்பே இருந்தார்கள். ஹைதராபாத் பொறியாளர் எஸ்.பி. ராஜு புகையில்லா அடுப்புக்கு வழி சொல்லி 1953-லேயே புத்தகம் போட்டார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974-ல் ஏ.கே.என். ரெட்டி தொடங்கிய ‘அஸ்த்ரா’ குழு, கம்பித் தட்டும் புகைபோக்கியும் மூன்று கண்ணும் வைத்த அடுப்பை உருவாக்கியது. சோதனையில் அது சூட்டில் 40 விழுக்காட்டைப் பாத்திரத்தில் ஏற்றியது. 1980-களில் மத்திய அரசே நாடு முழுக்க மேம்பட்ட அடுப்புத் திட்டம் நடத்தி, 2002-ல் கைவிட்டது. போட்டுக் கொடுத்த அடுப்புகளில் பல, சில மழைக்காலத்துக்குள் பழைய அடுப்பாகவே மாறின. புகைபோக்கியில் கரி அடைத்தது, தட்டிவிட ஆளில்லை. கண் ஒரு அளவு, வீட்டுப் பாத்திரம் வேறு அளவு. போட்டவர் போய்விட்டார், விரிசலைப் பூசத் தெரிந்தவர் வீட்டில் இல்லை. சொந்தக் கையால் போட்ட அடுப்புக்கு இந்தக் கடைசிச் சிக்கல் மட்டும் வராது. எனக்கு அதுவே போதுமான காரணம்.

விறகைப் பற்றி ஒரு வார்த்தை. நேற்று வெட்டிய பச்சை மரத்தில் எடையில் பாதி தண்ணீர். எரியும்போது, அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே ஏழில் ஒரு பங்கு சூடு போய்விடும். தீ குளிர்ந்து, எரியாத வாயு புகையாக வெளியேறும் நஷ்டம் தனி. ஒரு கோடை முழுக்கக் காய்ந்த, கட்டைவிரல் பருமனுள்ள குச்சிதான் நல்ல விறகு. அடியில் நாலு இரும்புக் கம்பியைப் படுக்கவைத்து அதன்மேல் விறகை வையுங்கள், காற்று கீழிருந்து ஏறும். அண்டாவுக்கு ஒரு மூடி போடுங்கள். இந்த மூன்றுக்கும் பணச் செலவு அநேகமாக இல்லை.

கையில் காசும் கரண்டும் இருப்பவர் கேட்கலாம், இத்தனை பாடு எதற்கு என்று. நியாயம்தான். அதே 20 லிட்டருக்கு வாட்டர் ஹீட்டர் அரை யூனிட் மின்சாரம்தான் எடுக்கும். மொட்டை மாடியில் சோலார் வைத்தால் அதுவும் மிச்சம். விறகைக் காசு கொடுத்து வாங்குகிறவருக்கு நான் இந்த அடுப்பைச் சிபாரிசு செய்ய மாட்டேன். தோப்பும் புழக்கடையும் உள்ளவருக்குத்தான் இது. அவரும் அடுப்பை வெளியில்தான் வைக்க வேண்டும். மார்கழிக் குளிருக்கு என்று தணல் சட்டியை மூடிய அறைக்குள் கொண்டுபோய் வைத்துத் தூங்குவது உயிருக்கே ஆபத்து. கரியமில வாயுவைவிடக் கொடிய கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

ஐப்பசி, கார்த்திகை மழை ஏர்பேட்டுப் பக்கத்தில் பலமாகவே அடிக்கும். மண் அடுப்பு அதில் கரைந்து ஓடும். ஆடிக்குள் போட்டு, நிழலில் காயவிட்டு, மேலே ஒரு தகரத்தைச் சாய்த்துவிடுங்கள். முதல் தீயைச் சிறியதாக மூட்டுங்கள்; விரிசல் கண்டால் அன்றைக்கே சாணமும் மண்ணும் குழைத்துப் பூசிவிடலாம்.